சபாநாயகர் போட்ட ஓட்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது.

டெல்லியில் வாக்கெடுப்பு என்றாலே இப்போது பயப்படுகிறார்கள். ஒரு பிரதமர் வாக்கெடுப்புக்கு முன்னாலேயே ராஜினாமா செய்தார். அடுத்து வந்தவர் நாடாளுமன்றத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் ராஜினாமா செய்தார். காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று உறுப்பினர்கள் அலைகிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று அவர்கள் மனைவிமாருக்காவது தெரியுமா?

நான் அப்படிப் பயப்படுகிற ஆள் இல்லை. தாலுகா அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம். பஞ்சாயத்துத் தேர்தலிலிருந்து பார்லிமெண்ட் தேர்தல்வரை பதினோரு முறை வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன். கூடலூரில் ஒரு முறை பெட்டியையே தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார்கள், பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன். அப்படிப்பட்டவனுக்குச் சின்னமனூரில், சொந்த வீட்டில், ஆறே ஆறு ஓட்டு எந்த மூலைக்கு?

விஷயம் இதுதான். என் சின்ன மருமகள் வசந்தா ஆசிரியப் பயிற்சி முடித்து ஆறு வருஷம் ஆகிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, புதுப்பித்து, மறுபடி புதுப்பித்துக் காத்திருந்தாள். இந்த மாதம் உத்தரவு வந்தது. மேகமலையில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய தொடக்கப்பள்ளி. பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். தவறினால் உத்தரவு தானாகவே ரத்து. கடைசி நாள் புதன்கிழமை.

வாரம் முழுக்க அங்கே தங்க வேண்டும். சனிக்கிழமைதான் இறங்க முடியும். இரண்டு வயதுப் பேரன் இங்கே. நான் வேண்டாம் என்றேன். ஜீப் போகிற பாதையா அது? குளிர், அட்டை, யானை... குழந்தையை யார் பார்ப்பது? காரணங்களை வரிசை எண் போட்டே சொன்னேன்.

வரிசை எண் போடாத காரணம் ஒன்று இருந்தது. கண் ஆபரேஷன் செய்துகொண்ட நாளிலிருந்து எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறவள் வசந்தாதான். படித்துவிட்டுச் சும்மா போகமாட்டாள். 'இவரு செஞ்சது சரியா மாமா?' என்று ஆரம்பிப்பாள். ஒரு மணி நேரம் ஓடும். சண்டை போட ஆளில்லாமல் பேப்பர் படித்து என்ன பிரயோஜனம்? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் நானே சொன்னேன் - பெரும்பான்மை என்ன சொல்கிறதோ அதற்குக் கட்டுப்படுவோம். நாடாளுமன்ற முறைப்படி நடத்துவோம். நான்தான் அவைத் தலைவர்.

கணக்குப் போடாமல் இறங்கவில்லை. நான், என் மனைவி காமாட்சி, பெரியவன், அவன் மனைவி - நான்கு ஓட்டு என் பக்கம். சின்னவனும் வசந்தாவும் அந்தப் பக்கம். நாலுக்கு இரண்டு. இவ்வளவு பலமான பெரும்பான்மை இன்றைக்கு டெல்லியில் யாருக்கு இருக்கிறது?

பழைய காலண்டர் தாளைக் கிழித்து ஆறு சீட்டு. கையெழுத்துத் தெரியக் கூடாது என்பதால், போகலாம் என்றால் வட்டம், வேண்டாம் என்றால் பெருக்கல் குறி. பெட்டிக்கு ஒரு பிஸ்கட் டின். விதிப்படி அதைக் கவிழ்த்து, காலியாக இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டினேன். சாமான் அறையில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டேன். அதுதான் சாவடி.

"வெரல்ல மை வைக்கலயாப்பா?" என்றான் உரக்கடை நடத்துகிற என் பெரிய மகன். "கள்ள ஓட்டு விழுந்துறப் போகுது."

"ஏலே, இளிக்காமப் போட்டுட்டு வா. ரசம் ஆறுது" என்றாள் காமாட்சி. ஓட்டுப் போட்ட பிறகுதான் சாப்பாடு என்று நான் அறிவித்திருந்தேன். நூறு சதவீத வாக்குப் பதிவுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. தேர்தல் கமிஷன் யோசிக்கலாம்.

டின்னைத் திறந்து எண்ணினேன்.

மூன்று வட்டம். மூன்று பெருக்கல்.

மறுபடி எண்ணினேன். மூன்றுக்கு மூன்று.

என் அணியில் ஒருவர் கட்சி மாறிவிட்டார். பெரியவனைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். பெரிய மருமகளைப் பார்த்தேன். அவள் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காமாட்சியைப் பார்த்தேன்.

"என்னய எதுக்குப் பாக்குறீக? ரகசிய ஓட்டுன்னு நீங்கதான சொன்னீக" என்றாள்.

முப்பத்தொரு வருஷ அனுபவம் கைகொடுத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தேன்: "சமநிலை ஏற்பட்டிருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் அவைத் தலைவருக்குத் தீர்மானிக்கும் ஓட்டு உண்டு. என் ஓட்டு - வேண்டாம் என்பதற்கு."

"ஒங்களுக்கு மட்டும் எத்தன ஓட்டுங்க?" என்றாள் காமாட்சி.

"ரெண்டு."

"எனக்கு?"

"ஒண்ணு."

"ஆக்கிக் கொட்டுறவளுக்கு ஒண்ணு, உக்காந்து திங்கிறவருக்கு ரெண்டு. நல்லாருக்கு ஒங்க சட்டம்."

சட்டம் அப்படித்தான், நான் எழுதியதில்லை என்றேன். அதுவரை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்ற வசந்தா மெதுவாகச் சொன்னாள்: "மாமா, ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"சபாநாயகர் எடுத்த எடுப்புலயே ஓட்டுப் போடலாமா?"

நான் கையிலிருந்த சீட்டுகளை மறுபடி அடுக்கினேன்.

"சரிபாதியா வந்தா மட்டுந்தான அவுக போடணும்? ட்ரெயினிங்ல பிள்ளைகளுக்கு நான் எடுத்த மாதிரிப் பாடமே இதுதான் மாமா. நீங்க மொதல்லயே டின்னுல போட்டுட்டீகளே."

"போட்டேன்..."

"வேண்டாம்னுதான போட்டீக? இப்ப நீங்களே சொன்னீக. அந்த ஓட்டு செல்லாது. அத எடுத்துட்டா மூணுக்கு ரெண்டு. சரிபாதியே வரலியே. அப்புறம் தீர்மானிக்கிற ஓட்டுக்கு எங்கன வேல?"

 அவள் இடுப்பில் இருந்த பேரன் டின்னைக் காட்டி ஏதோ சொன்னான்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. தலைவருக்குச் சொந்த ஓட்டும் உண்டு, தீர்மானிக்கும் ஓட்டும் உண்டு என்று சொல்கிற சங்கங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றின் விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நாடாளுமன்ற முறைப்படி என்று வாயால் அறிவித்தவன் நானே. கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"சபையை நாளைக்கு ஒத்திவைக்கிறேன்."

"ஒத்தி வைங்க" என்றாள் காமாட்சி. "பொதங்கிழம ஒத்திப்போகுமா?"

போகாது. நான் சீட்டுகளைக் கீழே வைத்தேன். மூன்றுக்கு இரண்டு, வசந்தா போகலாம் என்று அறிவித்தேன்.  அவள் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. பெரிய மருமகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சும்மா அழுகுறா மாமா, நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

மறுநாள்தான் வேடிக்கை. பெரியவன் தனியாக வந்து, "தம்பி பொண்டாட்டிக்குத்தான்பா போட்டேன்" என்றான். அவன் மனைவியும் அவளுக்குத்தான் போட்டாளாம். சின்னவனைச் சொல்லவே வேண்டாம். காமாட்சி, "ஒருத்தி படிச்ச படிப்பு வீணாப் போகவான்னு நான் போட்டேன்" என்றாள். கூட்டிப் பார்த்தேன். வசந்தாவோடு சேர்த்து ஐந்து வட்டம். டின்னில் இருந்ததோ மூன்று. தேர்தல் முடிந்த மறுநாள், தோற்றவனுக்கு ஓட்டுப் போட்டேன் என்று சொல்லும் ஒருவரை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? கம்பத்திலிருந்து தேனிவரை தேடினாலும் கிடைக்கமாட்டார். டெல்லிக்காரர்களைத் திட்டுவதை நான் அன்றோடு கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை வசந்தாவுடன் நானே கிளம்பினேன். சின்னவனுக்கு லீவு கிடைக்கவில்லை. தவிர, பணியில் சேரும் அறிக்கையில் ஒரு வரி பிசகினாலும் பின்னால் சீனியாரிட்டியில் இடிக்கும். அதைப் பார்க்க அனுபவப்பட்ட ஆள் வேண்டாமா?

ஏழு மணிக்கு ஏறிய ஜீப், பத்து மணிக்குச் சேற்றில் சிக்கியது. "அங்கன ஒரு வளைவுதான் ஐயா, தாண்டிட்டாப் பறந்துருவோம்" என்று டிரைவர் எல்லோரையும் இறக்கிவிட்டார். நானும் தள்ளினேன். வசந்தாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினாள். மழை. பைக்குள் இருந்த உத்தரவுக் காகிதத்தை அவள் நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் ஓடு வேய்ந்த ஒரு கட்டடம். தலைமையாசிரியர் எங்கள் பக்கத்துக்காரர். தேநீர் வாங்கிக் கொடுத்தார். அறிக்கையைப் படித்தார். பேனாவைத் திறந்தார். அப்படியே நிறுத்தினார்.

"முற்பகலா பிற்பகலாங்கிறதுதான் இப்பப் பிரச்சினை ஐயா. பிற்பகல்னு போட்டா நாளைக் கணக்கும்பாக. நாளைன்னா உத்தரவு செல்லாதுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் எழுதுவாரு. ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த ஒருத்தர் நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அப்படி எழுதித் திருப்பிய கோப்புகளுக்குக் கணக்கில்லை. பத்து நிமிஷம் பிந்தி வந்த ஒருவருக்கு அரைநாள் லீவு கழித்தவன் நான். அவருடைய மனைவி அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் திருத்தவில்லை.

"மணி என்ன இருக்கும் ஐயா?" என்றார் தலைமையாசிரியர். "இங்கன கடிகாரம் ஈரத்துல நின்னு பத்து நாளாச்சு."

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபத்தைந்து. வசந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கால்விரல் நகமெல்லாம் சேறு.

"பதினொன்றே முக்கால்" என்றேன்.

அவர் 'முற்பகல்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார்.

இதைப் படிக்கும் கல்வித் துறை அதிகாரிகளுக்கு ஒரு விளக்கம்: என் கடிகாரம் பழையது... மலை ஏறினால் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.