சமையல்காரியிடம் யாரும் சொல்லவில்லை

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் போகும் துப்பறியும் நாடகத்தை நான் ஒரு கிழமைகூட விட்டதில்லை. அன்றைய கதையையும் நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். பெரிய வீடு, காணாமல்போன அட்டிகை, விடாத மழை. விசாரிக்க வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது சமையல்காரியின் கை நடுங்குகிறது. அது போதும் துப்பறிவாளருக்கு. வீட்டார் எல்லார் முன்னாலும் அவளை நிற்க வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்கிறார். கடைசியில் பார்த்தால் எடுத்தது அந்த வீட்டு மருமகன். துப்பறிவாளர் அந்த மழையிலும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

சமையல்காரி என்ன ஆனாள்? "நீ எடுக்கல, தப்பு எங்க மேலதான்" என்று அவளிடம் யாரும் சொன்ன மாதிரி தெரியவில்லை. எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. கேத்தலை அடுப்பில் வைத்தேன், கொதிக்கும் முன்பே இறக்கினேன், வாசலுக்குப் போய் மூடுபனியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். "என்னடி, காலில சுடுதண்ணிய கொட்டுன மாதிரி அலையிற?" என்றார் அம்மா.

அலையாமல் என்ன செய்வேன்? என் கைப்பையில் எட்டு நாளாக ஒரு மஞ்சள் துணி கிடந்தது.

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் முனியாண்டி சாமிக்கு என்று ஒரு சேவலை நேர்ந்து, காலில் மஞ்சள் துணி கட்டி விட்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் காணவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பரா அக்கா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். அன்றைக்கு அவர் வீட்டில் கோழிக்கறி வாசம். குசினிக்குப் பின்னால் சாம்பல் மேட்டில் சிவப்பு இறகு. "டவுன்ல வாங்குனதுங்க" என்றார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர், படித்தவள், போதாததற்கு நாடகம் வேறு பார்க்கிறவள். நம்புவேனா? அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில், பூசைக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் கற்பூரத்தைக் கொளுத்தி நீட்டினேன். "எடுக்கலைன்னா அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணுங்க."

கொழுந்துக் கறை ஏறிய உள்ளங்கையால் ஒரே அடியில் அணைத்தார். "நான் எடுக்கல" என்றார். அழவில்லை. அதையும் நான் அவருக்கு எதிராகவே எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் அவர் பின்னால் நின்று சாமி மட்டும் கும்பிட்டார். தட்டு வந்தால் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மாட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். கற்பூரம் அணைத்த நாள்வரை என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர், அன்றிலிருந்து டீச்சர் என்றார்.

பிறகு ஒருநாள், பள்ளிக்கூடத்துக்குத் தேயிலைக்குள் குறுக்கே போகும்போது, மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் அந்த மஞ்சள் துணியைக் கண்டேன். கால் எலும்போடு அப்படியே இருந்தது. பக்கத்துச் சேற்றில் பெரிய பாதத்தடம். தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் நாய்களைத் தூக்கிக்கொண்டு போன அதே சிறுத்தைதான். துணியை மட்டும் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. வெட்கம். வேறென்ன?

எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரைவரை போகாது. ஒரே நாடகத்தை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு, கள்ளன் யாரென்று சுவருக்கு மேலாலேயே சண்டை போட்டவர்கள் நாங்கள். அவர்தான் பெரும்பாலும் சரியாகச் சொல்லுவார். இந்தச் செவ்வாய்க்கிழமை சமையல்காரியை நிற்க வைத்துக் கேட்ட இடத்தில் அந்தப் பக்கத்து டிவி நின்றுவிட்டது. முடிவை அவர் பார்க்கவே இல்லை. அதுதான் என்னைக் கிளப்பியது.

துணியை எடுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றேன். அவர் கையில் அதை வைத்தேன். கானில் கிடந்தது, சிறுத்தைத் தடம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்ப கிடைச்சிச்சு?"

"எட்டு நாளாச்சுக்கா."

துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இங்க வந்து காதோட சொல்றீங்க. கேட்டது கோயில்ல வச்சுத்தானே, டீச்சர். அங்க வச்சே சொல்லுங்க."

துணியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

புதனும் வியாழனும் நான் பாடம் நடத்திய இலட்சணத்தைப் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். வெள்ளிக்கிழமை பூசை முடியும் நேரத்தில் முன்னால் போய்த் துணியைத் தூக்கிக் காட்டினேன். "சேவலைச் சிறுத்தைதான் தூக்கியிருக்கு. அக்கா எடுக்கல. நான்தான் அநியாயமா பழி போட்டேன். தெரிஞ்சும் பதினோரு நாளா மறைச்சு வச்சிருந்தேன்." ஒத்திகை பார்த்ததில் பாதிதான் வந்தது. யாரோ இருமினார்கள்.

பூசாரி தட்டைக் கொண்டுவந்தார். அக்கா பின்வரிசையிலிருந்து முன்னால் வந்தார். எத்தனையோ கிழமைக்குப் பிறகு தீபத்தின் மேல் கையை வைத்து, இரண்டு கண்ணிலும் நிதானமாக ஒற்றிக்கொண்டார்.

அடுத்துத் தட்டு என்னிடம் வந்தது. என் கை எழும்பவில்லை.