நாக்கை மறந்த உத்தரம்

தன் பிழையைத் தன் வாயால் உரைத்தல் அறங்களுள் அரியது. எங்கள் தெருத் தச்சர் அவ்வறத்தை அறுபதாம் வயதில், மகளின் கையில் அளவுநாடாவைக் கண்ட பின்னரே கைக்கொண்டார். சற்றே தாமதந்தான்.

தெருவார் அவருக்கு இட்ட பெயர் மட்டக்கோல். இரும்பாணி ஒன்றுமின்றி, தூண் நிறுத்தி உத்தரம் ஏற்றி, மரச்சட்டத்தாலேயே வீடு எழுப்புவார். உத்தரத்தின் இரு முனையிலும் நாக்குச் செதுக்கி, தூணின் துளையில் செருகி, மரமுளை அறைந்துவிட்டால் யானை முட்டினாலும் அசையாது என்பார். யானை எதுவும் இதுவரை வந்து பார்த்ததில்லை.

மகள் தையற்காரி. அவளுக்கென எழுப்பிய வீட்டின் முன்னறை, துணி வெட்டும் நீள மேசைக்காகவே அளந்தது, மேசையும் வாங்கியாயிற்று. சட்டம் ஏற்றும் காலையில் ஆறு பேர் உத்தரத்தைத் தூக்கினர். நாக்கின் நுனிகள் இரு தூண்களையும் தொட்டன, தொட்டதோடு நின்றன. துளைக்குள் நுழைய மரமில்லை. தூண்களின் இடைவெளியை அளந்தவர், நாக்குக்கெனப் பக்கத்துக்கு நான்கு விரல் கூட்ட மறந்திருந்தார்.

"ஊருக்கெல்லாம் முழ நீளம் நாக்கை நீட்டுறீங்க. உத்தரத்துக்கு நாலு விரல் நீட்ட மனசு வரலையா?" என்றார் மனைவி.

தச்சர் தொண்டையைச் செருமினார். "மரம் காஞ்சு சுருங்கிடுச்சு. ஒரு தூணை எட்டு விரல் உள்ள தள்ளி நிறுத்திட்டாப் போச்சு."

மகள் நாடாவை விரித்தாள். "தள்ளினா என் மேசை உள்ள வராதுப்பா. அதுவும் மரம் அகலத்துலதான் சுருங்கும், நீளத்துல சுருங்காதுன்னு நீங்கதானே சொல்லிச் சொல்லி என் காதைத் துளைச்சீங்க?"

தூக்கி நின்றோர் சிரிப்பை அடக்க, உத்தரம் குலுங்கியது.

"தோள் கழண்டுரும் மாமா, சீக்கிரம் ஒண்ணு சொல்லுங்க," என்றார் மருமகன்.

தச்சர் மேசையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "மரம் சுருங்கலம்மா. நான்தான் மறந்துட்டேன். இறக்குங்கப்பா."

தம் பட்டறைக் கூரைக்கென ஐந்தாண்டு உலர்த்தி வைத்திருந்த நெடுமரத்தை அன்றே எடுத்து அறுத்தார்.

"பட்டறை ஒழுகுமே?" என்றார் மனைவி.

"ஒழுகட்டும். நான் குடை பிடிச்சுக்கறேன்."

மூன்றாம் நாள் உத்தரம் துளையில் புகுந்தது. மேசை அறையில் புகுந்தது.

அவர் மனை வாழ்க! மகளின் மேசையில் துணி என்றும் குவிக. மருமகன் தோள்நோவு தணிக. மனைவியார் நகை பெருகுக, பொன்னும் புன்சிரிப்பும் ஒருங்கே. பட்டறை கூரை பெறுமட்டும் மழை அதனைச் சற்றே விலகிப் பெய்க!