அம்மாவையும் கூட்டி வந்திருக்கலாமே

பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், எங்கள் சேலைக்கடையில் விற்பனைக்குச் சேர்ந்தபோது நிரஞ்சலாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அதற்கு முன் ஒன்பது வருடம், விடியுமுன் போய் ஆளில்லாத அலுவலகங்களைத் துடைத்துவிட்டு வருகிற வேலை. கட்டினவன் இரண்டாம் வருடமே விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த மனிதனைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் வீண். பாரிசுக்கு வெளியே பொபினியில் ஓர் அறை எடுத்துத் தனியே இருந்தாள்.

நான் காசு மேசையில் இருக்கிறவள். முதல் கிழமையே எனக்கு அவளைப் பார்க்க எரிச்சல் வந்தது. சேலையை நன்றாகத்தான் காட்டுவாள். தன் தோளிலேயே போட்டு, முந்தானையை இழுத்து விட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பாள். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். சேலைக்கு வருகிற சனத்துக்குச் சேலை மட்டும் போதுமா? யாருக்கு, என்ன விசேஷம், மாப்பிள்ளை எந்த ஊர் என்று நாலு கதை கேட்டால்தானே இரண்டு எடுக்க வந்தவர்கள் ஆறு எடுப்பார்கள்!

முதலாளி ஐங்கரன் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"என்ன நிரஞ்சலா, வாய்க்குள்ளை கொழுக்கட்டையே? மாதம் முடியிறதுக்குள்ளை ஆக்களோடை கதைச்சுப் பழகுங்கோ. இல்லாட்டிக் கொந்திரா எழுதமாட்டன்."

கொந்திரா என்றால் வேலை ஒப்பந்தம். அது இல்லாவிட்டால் மாத முடிவோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவள் என்னிடம் சொன்னாள்:

"அக்கா, எனக்கு இந்த வேலை வேணும். சம்பளத்துக்கு மட்டுமில்லை. ஞாயிறு முழுக்க ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்திட்டு, திங்கள் காலமை வணக்கம் சொன்னால் குரலே வருதில்லை. இதுவும் போனால் எனக்கு விசர் பிடிச்சிடும்."

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மாதத்தின் கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை. கல்யாணக் கூறை எடுக்க ஒரு குடும்பமே வந்து கதிரைகளை நிறைத்திருந்தது. அந்த நேரம் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை உள்ளே வந்தாள். சுபாங்கி என்று பெயர். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை என்பது தமிழிலேயே தெரிந்தது.

"அம்மாவுக்கு ஒரு சாறி. நீலம்."

நிரஞ்சலா ஒரு நீலப் பட்டைத் தோளில் போட்டாள். அன்றைக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, கடை முழுக்கக் கேட்கச் சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மாவுக்கோ? என்ன விசேஷம்? அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே பிள்ளை! உடுக்கிறவைக்கெல்லோ பிடிக்கோணும்!"

ஐங்கரன் என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"அம்மா செவ்வாய்க்கிழமை செத்துப்போனா," என்றாள் சுபாங்கி. "படுத்திருக்கிற ஆளுக்குச் சாறி எப்பிடிக் கட்டுறது, மதாம்? எனக்கு நிக்கிற ஆளுக்கும் கட்டத் தெரியாது."

கூறை எடுக்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழும்பினார்கள். பிறகு வருகிறோம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் எந்தக் காலத்தில் திரும்பி வந்திருக்கிறார்கள்!

நிரஞ்சலா தோளில் கிடந்த சேலையை எடுக்கவும் மறந்து நின்றாள். பிறகு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

"உங்களுக்கு இஞ்சை வேறை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை. நானும் அம்மாவும்தான். சனிக்கிழமை பத்து மணிக்கு, அம்மாவை வைச்சிருக்கிற மலர்ச்சாலைக்கு உடுப்புக் கொண்டுவரச் சொன்னவை."

"நான் வந்து கட்டிவிடுறன்."

சனிக்கிழமை! எங்கள் கடையில் நிற்க இடமில்லாத நாள். பிள்ளை போனதும் ஐங்கரன் வெடித்தார். "ஒரு கூறை போச்சு. சனிக்கிழமையும் வராட்டி, பிறகு வரவே வேண்டாம்." நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வேலையும் எனக்குத் தேவையாக இருந்தது.

அவள் சனிக்கிழமை வரவில்லை. பின்னேரம் தன் பையை எடுக்க மட்டும் வந்தாள்.

"நீலம் அவவுக்கு நல்ல எடுப்பா இருந்துது அக்கா. கட்டி முடிக்குமட்டும் அவவோடை கதைச்சுக்கொண்டே இருந்தன்." பையைத் தோளில் மாட்டினாள். "எனக்கு ஒண்டு நடந்தால் நீங்கள் வந்து கட்டிவிடுவியளோ?"

"விசர்க்கதை கதையாதையும்!" என்று அதட்டினேன். அவள் அசையாமல் நின்றாள். "ஓம், வருவன்," என்றேன். சிரித்துக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பொபினியில் அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவளை நான் அதைக்கூடக் கேட்கவில்லை. ஐங்கரனிடம் இருந்த அவளுடைய தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால், அப்படி ஓர் இலக்கமே இல்லை என்று பிரெஞ்சில் ஒரு குரல் சொன்னது. முகவரி இருக்கிறதா என்று அவரைக் கேட்டேன்.

"கொந்திரா எழுதேக்கைதானே அதெல்லாம் கேக்கிறது," என்றார்.