எங்கள் பாத்ரூமில் நாலு நாள் தங்கிய கொட்டலசுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ரவிக்கை வாங்கத் தாராவிக்குப் போனேன். செம்பூருக்குத் திரும்பும்போது கையில் ரவிக்கை இல்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் டப் இருந்தது. அதற்குள் தண்ணீர், பன்னிரண்டு கருங்கல்.

மாரி எனக்குப் பதினைந்து வருஷமாக ரவிக்கை தைக்கிறவள். கீழே மெஷின், இரும்பு ஏணி ஏறினால் மேலே குடித்தனம். அன்றைக்கு மெஷின் ஓடவில்லை. அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு டப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள் மகள் பேச்சியம்மாள். எம்.எஸ்ஸி. விலங்கியல், கடைசி வருஷம். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்னாச்சு மாரி?"

"என்னத்தச் சொல்ல? நேத்துலேர்ந்து சோறு திங்கல. கல்லக் கட்டிக்கிட்டு அழுவுதா."

"கல்லுக்காக இல்லம்மா!" என்றாள் பேச்சி. "கல்லு மேல இருக்கதுக்காக."

குனிந்து பார்த்தேன். கல் முழுக்க வெள்ளை வெள்ளையாக, கூர்கூராக, நகத்தளவு எரிமலைகள் மாதிரி... கொட்டலசு. கடலோரப் பாறையில் வெறுங்காலோடு ஏறினால் பாதத்தைக் கிழிக்குமே, அதேதான். இத்தனை வயசுக்கு அதைப் பாறையின் சொரசொரப்பு என்றே நினைத்திருந்தேன்.

"இதுக்கு உயிர் இருக்கா?"

கேட்டிருக்கக் கூடாது. பேச்சியின் கவலையும் அதுதான்!

அவளுடைய ஆராய்ச்சியே இதைப் பற்றித்தான். மழைக்காலத்தில் கழிமுகத் தண்ணீர் திடீரென்று உப்புக் குறைந்துபோகும். மீன் நீந்திப் போய்விடும். நண்டு நகர்ந்துவிடும். தலையைக் கல்லில் ஒட்டிக்கொண்டு, காலால் தண்ணீரைத் துழாவிச் சாப்பிடுகிற இந்த ஜன்மம் எங்கே போகும்? எப்படித் தாக்குப்பிடிக்கிறது? ஐரோலிப் பக்கத்துக் கழியிலிருந்து ஆறு கல், கடலோரத்திலிருந்து ஆறு கல். ஐரோலிக் கல்லுக்குச் சிவப்பு நெயில் பாலிஷ், கடலோரக் கல்லுக்கு நீலம். காலேஜ் லேபில் வைத்து மெதுவாக உப்பைக் குறைத்துப் பார்ப்பதாகத் திட்டம்.

மழை அவளுக்காகக் காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை கொட்டிய கொட்டில் தரைத்தள லேபுக்குள் இடுப்பளவு தண்ணீர். வெள்ளிக்கிழமை காலையில் இறங்கித் துழாவிக் கற்களை மீட்டிருக்கிறாள். எல்லாக் கொட்டலசும் இறுக மூடிக் கிடந்தன. இரண்டாவது நாளாக ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"கைட் சார் போன்ல, தூக்கிப் போட்டுரு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னுட்டாரு. அடுத்த வருஷம் ஏது ஆன்ட்டி? ரெண்டு வருஷம்னு சொல்லித்தான் அப்பா விட்டிருக்காவ."

அப்பா தோல் பட்டறையில் வேலை பார்க்கிறவர். முரடர் இல்லை. ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

பேச்சி ஒரு குண்டூசியை எடுத்து ஒரு கொட்டலசின் வாயில் மெல்லக் குத்தினாள். "பாத்தியளா, உள்ள போவ மாட்டேங்குது. செத்திருந்தா தளதளன்னு ஆடும். இது உள்ளேர்ந்து இழுத்துப் பிடிச்சிருக்கு. உள்ள தன்னோட உப்புத்தண்ணியப் பத்திரமா வச்சிக்கிட்டு, மூச்சக்கூடக் குறைச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. கொஞ்சம் கொஞ்சமா உப்ப ஏத்துனா தொறக்கும். ஆனா இங்க எங்கன வைக்க?"

எங்கே வைப்பாள்? மேலே நாலு பேர் படுக்கிற இடம். கூரை வேறு ஒழுகிக்கொண்டிருந்தது.

"எங்காத்துக்குக் கொண்டு வாயேன்" என்று சொன்னது என் வாய்தான். மூளையைக் கலந்தாலோசிக்கவில்லை.

டாக்ஸிக்காரர் டப்பைப் பார்த்துவிட்டு, "மச்லி ஹை க்யா?", மீனா என்று கேட்டார். "நஹி பையா, பத்தர் ஹை", இல்லை, கல் என்றாள் பேச்சி. சயான் தாண்டும் வரை அவர் எங்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் என் கணவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் கையெழுத்துச் சரிபார்த்து ரிட்டயரானவர். பாத்ரூமில் டப், மீன் தொட்டிக்கு வைக்கிற குட்டி காற்று பம்ப், மழைக்கு முன்பே பேச்சி பிடித்து வைத்திருந்த இரண்டு கேன் கடல் தண்ணீர்... எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"பிரஷர்னு சொல்லி எனக்கு ஊறுகாயை நிறுத்திட்ட. இதுகளுக்கு மட்டும் கேன் கேனா உப்பா?"

ராத்திரி தாராவிக்குத் திரும்பும் முன் பேச்சி சொல்லிக்கொடுத்தாள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு மக் தண்ணீரை எடுத்துவிட்டு, ஒரு மக் கடல் தண்ணீரை ஊற்ற வேண்டும். உப்பை அளக்க பேனா மாதிரி ஒரு கருவி. சொட்டு வைத்துக் கண்ணில் பிடித்தால் எண் தெரியும். ஞாயிறு காலை ஆறு மணிக்கே அது அவர் கைக்குப் போய்விட்டது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். பதினோரு மணிக்கு ஒரு கூச்சல்.

"லலி! ஓடி வா! கையை ஆட்டறது!"

கை இல்லை, கால். மூடி ஒரு மயிரிழை திறந்தது, சட்டென்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. வெளியே தண்ணீர் எப்படி என்று வேவு பார்க்கிறதாம். பிறகு, இறகு மாதிரி ஒரு கொத்துக் கால் வெளியே வந்து தண்ணீரை வாரி இழுத்தது. பேச்சி வீடியோ காலில் அதைப் பார்த்து அழுதாள். இந்தத் தடவை வேறு அழுகை. மத்தியானத்துக்குள் சிவப்புப் பாலிஷ் கற்களில் பாதி வாசல் திறந்துவிட்டது.

திங்கள் காலையில் நான் செய்த காரியத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

குழாயில் கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற நேரம். வழக்கம்போல பக்கெட்டை வைத்து டேப்பைத் திறந்தேன். போன் அடித்தது. நாத்தனார். பேசினேன்... பேசிக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்தால் பக்கெட் நிரம்பி, பக்கத்தில் இருந்த டப்புக்குள் நல்ல தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தனை கொட்டலசும் வாயை மூடிவிட்டன.

இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தார்.

ஒரு பெண்ணின் படிப்பை டேப்பில் கழுவி விட்டுவிட்டேனே! போனை எடுக்கிறேன், வைக்கிறேன். அரை மணி நேரம் அப்படியே போனது. தண்ணீர் தானாக வந்தது என்று சொல்லலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது — ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் பேச்சியைக் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.



"எத்தன மணிக்குத் தண்ணி விழுந்துச்சு?"

"ஏழு பத்து இருக்கும்."

"எழுதி வைங்க. உப்பு இப்ப எவ்வளவுன்னு அங்கிளப் பாக்கச் சொல்லுங்க. எது முதல்ல தொறக்குது, எது கடைசில, செவப்பா நீலமா — எல்லாத்தையும் நேரத்தோட எழுதுங்க. நான் உடனே கெளம்புதேன்."

அழவில்லை. கத்தவில்லை. நேரம் கேட்கிறாள்! அந்த வயசில் நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

மறுபடி மக் கணக்கு. திங்கள் முழுக்கச் சலனமில்லை. பேச்சி பாத்ரூம் வாசலிலேயே தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் சிவப்பு ஒவ்வொன்றாகத் திறந்தது. நீலம் தயங்கியது. புதன்கிழமை கணக்கெடுத்தபோது ஐரோலிக் கற்களில் அநேகமாக எல்லாம் உயிரோடு இருந்தன. கடலோரத்தவற்றில் பாதிக்கு மேல் வாயைப் பிளந்துவிட்டன; குண்டூசி தடையில்லாமல் உள்ளே போனது.

"கழியில இருக்கதுவ வருஷா வருஷம் இந்தத் தண்ணியப் பாத்துப் பழகுனதுவ. அதனால இருக்கலாம்" என்றாள் பேச்சி. உடனே, "ஒரே ஒரு டப்ப வச்சி எதையும் முடிவா சொல்லிர முடியாது ஆன்ட்டி" என்று என்னை எச்சரித்தாள். நான் அதற்குள் நாத்தனாருக்குப் போன் போடக் கிளம்பியிருந்தேன்!

குறிப்புகளைத் தேதி, நேரம் சேர்த்து இவர் குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கொடுத்தார். 'ஏழு பத்து — என் மனைவி டேப்பை மூட மறந்தாள்' என்பது உட்பட. பேச்சி அதை வரி மாறாமல் கைடிடம் காட்டியிருக்கிறாள். அவர் இரண்டு முறை படித்தாராம். "முதலில் எடுத்த கேள்வியைவிட, திடீர் நல்ல தண்ணீருக்குப் பிறகு எது மீள்கிறது என்பதுதான் நல்ல கேள்வி. இரண்டு இடத்திலும் நிறையக் கல் எடுத்து முறையாகத் திரும்பச் செய். இந்த வருஷமே முடித்துவிடலாம்" என்றாராம். இப்போது மாடி லேபில் அவளுக்கு ஒரு மேஜை.

நம்மிடம் ஒரு அவசரம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற எதையும் முடிந்துபோனது என்று எழுதிவிடுகிறோம். உள்ளே ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு தனக்கான தண்ணீருக்காகக் காத்திருக்கலாம் என்று தோன்றுவதே இல்லை.

பிழைத்த ஐரோலிக் கொட்டலசுகளைக் கழியில் திரும்ப விட பேச்சியின் அப்பாவே வந்தார். டப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐரோலிச் சேற்றில் முழங்கால் வரை இறங்கினார். ஒரு கல்லைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இம்புட்டுக் கஷ்டப்படுதே... வேற எடத்துக்குப் போவக் கூடாதாக்கும்?"

"போவ முடியாதுப்பா. ஒரு தடவ ஒட்டிருச்சின்னா அங்கனயேதான்."

அவர் கல்லைத் தண்ணீருக்குள் பதமாக வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப இதுவும் தாராவிக்காரன்தான்னு சொல்லு!"