விளக்குகள் நின்ற இடம்

கலூபாவைச் சுரங்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மகள் முதாலே பிறந்த நாளிலிருந்து அவள் 'பானா முதாலே', முதாலேயின் அம்மா. கிட்வேயில் படித்துவிட்டு எங்கள் செம்புச் சுரங்கத்துக்குக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவள். விளக்கறையில் நான், அடுத்த அறையில் அவள். நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். அவள் பெருமூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும்.

அவள் புருஷன் கபாசோ கீழே பாறை துளைப்பவன். நல்ல உழைப்பாளி, பாட்டுக்காரன். ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சுரங்க வாசலில் பலகாரம் பொரித்து விற்ற எஸ்னாத்தின் வீட்டுக்குப் போய்விட்டான். கலூபா சண்டைக்குப் போகவில்லை. மறுநாளும் வேலைக்கு வந்தாள். கபாசோ என் ஜன்னலில் வந்து விளக்கு வாங்கும் நேரத்தில் மட்டும் தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றுவிடும். அவன் போன பிறகுதான் மறுபடி கேட்கும்.

கீழே இறங்குகிறவர்களின் தலைவிளக்கு ஒவ்வொன்றிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சில்லு உண்டு. யார் எந்தத் தளத்தில் நிற்கிறார் என்பதை அது கலூபாவின் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். திரையில் சுரங்கத்தின் படம், அதில் பச்சைப் புள்ளிகள், பக்கத்தில் பெயர்கள். எந்த விளக்கு யாருடையது என்பதும் அந்தக் கணினிக்குள்தான். ஞாயிறுதோறும் அவள் அதை முழுசாகத் தனி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து வைப்பாள். அவசரத்துக்கு மாற்றிப் போட ஒரு புது ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்று ஸ்டோர்காரரிடம் எத்தனையோ முறை கேட்டாள். "ஓடுற வண்டிக்கு இன்னொரு எஞ்சின் எதுக்கும்மா?" என்பார் அவர். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு வருவாள்.

நவம்பர் மழை பிடித்திருந்த ஒரு வியாழக்கிழமை காலை தரை குலுங்கியது. என் அடுக்கிலிருந்த விளக்குகள் ஒன்றோடொன்று மோதின. மின்சாரம் போனது, வந்தது, மறுபடி போய் மறுபடி வந்தது. கீழே இருந்தவர்கள் தூசி அப்பிய முகத்தோடு மேலே ஏறினார்கள். ஆறு பேர் வரவில்லை. கபாசோ அதில் ஒருவன்.

அவர்கள் வேலை பார்த்த பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். ஒன்று பம்ப் அறைக்கு, இன்னொன்று வடக்கு முனைக்கு. இரண்டு வாயும் பாறையால் அடைந்துவிட்டன. தோண்டும் இயந்திரம் ஒன்றுதான் இருந்தது. கூரையும் எப்போது விழுமோ என்றிருந்தது. மீட்புக் குழுவுக்குத் தலைவர் சிகாஸ்வே, மரியாதையாக 'பா சிகாஸ்வே' என்போம்; முன்பு ஒரு விபத்தில் தம்பியைப் பறிகொடுத்தவர். ஈரச் சட்டையோடு கலூபாவின் அறைக்குள் வந்தார்.

"எந்தப் பக்கம் இருக்காங்க?"

திரை கறுத்துக் கிடந்தது, ஒரே ஒரு வெள்ளை வரியோடு. கலூபா பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே 'டக், டக்' என்று ஏதோ அடித்துக்கொண்டிருந்தது.

"டிஸ்க் செத்துப்போச்சு, பா சிகாஸ்வே. கரண்ட் போய்ப் போய் வந்ததுல அடிபட்டுருச்சு. புது டிஸ்க் வேணும். வந்தா நகலை ஏத்திருவேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மொதல்ல டிஸ்க் வரட்டும்."

டிரைவர் லுக்காவைக் கிட்வேக்கு விரட்டினார்கள். சாலை முழுக்கச் செம்பு ஏற்றிய லாரிகள் சேற்றில் நின்றன. அவன் திரும்பும்போது மதியம் தாண்டிவிட்டது. அதற்குள் முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே பெண்கள் சிட்டேங்கே துணியைத் தோளோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். துதிப் பாட்டு எழும், நடுவில் அறுந்துபோகும், வேறு யாராவது எடுப்பார்கள்.

கலூபா புது டிஸ்க்கைப் பூட்டி நகலை ஏற்றத் தொடங்கினாள். திரையில் நீலக் கோடு ஒன்று எறும்பு மாதிரி ஊர்ந்தது. அப்போதுதான் எஸ்னாத் வாசலில் வந்து நின்றாள்.

"உண்மையச் சொல்லு, பானா முதாலே. தெரிஞ்சும் மறைக்கிறியா?"

"மெஷினே இன்னும் எழும்பல. எழும்பினா சொல்றேன்."

"நீ? என்கிட்ட? என்மேல உனக்கிருக்கற வயித்தெரிச்சல் இந்தக் காலனிக்கே தெரியும்."

"வயித்தெரிச்சல் இருக்கு, இல்லன்னு சொல்லல. இப்ப கையில வேலையும் இருக்கு. உக்கார்றதுன்னா உக்காரு, இல்லன்னா வெளிய போ."

எஸ்னாத் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். போகவில்லை. அவள் கையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

நகல் ஏறி முடிந்தது. கலூபா பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் அதே வெள்ளை வரி, கணினி எழும்ப எதுவும் இல்லை என்று. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடினாள்.

"என்னாச்சு?" என்றார் பா சிகாஸ்வே.

"என் தப்பு. பெரிய பகுதிய மட்டும்தான் நகல் எடுத்திருக்கேன். மெஷின் கண்ணு முழிக்கறப்ப மொதல்ல தேடுற சின்னப் பகுதி ஒண்ணு இருக்கு, அத ஒரு ஞாயித்துக்கிழமைகூட எடுக்கல. போட்டுப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். போட்டுப் பாக்க டிஸ்க் ஏது?"

அவர் அவளைத் திட்டவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சரி பண்ண முடியுமா?"

"முடியும்."

அலமாரியின் அடியில் கிடந்த பழைய நிறுவல் சிடியைத் தேடி எடுத்தாள். அதைக் கொண்டு கணினியை எழுப்பி, விட்டுப்போன சிறு பகுதியைப் புது டிஸ்க்கில் அவளே உண்டாக்க வேண்டும். ஒருமுறை செய்தாள், ஏற்கவில்லை. அவசரத்தில் கட்டளையைத் தப்பாக அடித்திருந்தாள். எழுத்து எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை அடித்தாள். பெட்டி முனகியது. திரை வெளுத்தது. பிறகு சுரங்கத்தின் படம் விரிந்தது.

பம்ப் அறையில் ஐந்து புள்ளிகள் நெருக்கமாக நின்றன. வடக்கு முனையில் ஒன்று மட்டும் தனியாக. அதன் பக்கத்தில் 'சிபுயே' என்று இருந்தது.

பா சிகாஸ்வே ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தார். சிபுயே தார்ப்பாய் ஓரத்தில் நின்று புகைத்துக்கொண்டிருந்தான். "அதோ நிக்கறான் அவன். அப்ப இந்த மெஷின் உளறுது. இந்த அஞ்சையும் எத வெச்சு நம்பறது?"

நான் தடுப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். "உளறல. நகல் போன ஞாயித்துக்கிழமையோடது. செவ்வாய்க்கிழமை ஒருத்தன் விளக்கு சார்ஜ் நிக்கலன்னு வந்தான். சிபுயே லீவு, அவன் விளக்கத்தான் என் கையால எடுத்துக் கொடுத்தேன். வாங்கினவன் இன்னிக்கும் அதோடதான் இறங்கினான்." எஸ்னாத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருக்க வழியில்லை. "அது கபாசோ."

எஸ்னாத் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அவன் உயிரோட இருக்கானா? புள்ளி அசையுதா, பானா முதாலே?" என்றார் பா சிகாஸ்வே.

கலூபா திரையோடு ஒட்டிக் குனிந்தாள். "விட்டுவிட்டு மின்னுது, பா சிகாஸ்வே. விளக்கு அசைஞ்சா அப்படி மின்னும். விளக்கோட கேபிள் அடிபட்டிருந்தாலும் அப்படித்தான் மின்னும். எனக்குத் தெரியல."

அவர் யாரையும் யோசனை கேட்கவில்லை. "அஞ்சு பேர் பக்கம் போறோம்," என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

எஸ்னாத் கலூபாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லு அவர்கிட்ட. நீ சொன்னா கேப்பாரு. வடக்கால போகச் சொல்லு. உன் புள்ளைக்கு அப்பன் அவன்."

"வெளிய அஞ்சு பொம்பளைங்க உக்காந்திருக்காங்க, எஸ்னாத்."

"அவங்க உனக்கு யாரு?"

கலூபா தன் தோளில் இருந்த கையை எடுத்துவிடவில்லை.

மறுநாள் பம்ப் அறையைத் திறந்தார்கள். மூன்று பேர் உயிரோடு வந்தார்கள், இருவரைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். அதன் பிறகு வடக்கு. அங்கே பாறை கெட்டி. கூரை இரண்டு தடவை சரிந்து எல்லோரையும் பின்வாங்க வைத்தது. கலூபா வீட்டுக்குப் போகவில்லை. தின்ன ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்தால் தின்பாள். ஒரு நாள் மத்தியானம் தடுப்புக்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்தது.

"புள்ளி போயிருச்சு, பாஷி சோலா." என் மூத்தவன் சோலா, அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பேட்டரி தீந்திருக்கும்."

"ம்."

கபாசோவைக் கண்டெடுத்தபோது அவன் மேல் ஒரு கல்லும் விழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தண்ணீர்ப் புட்டியில் சொட்டு இல்லை. சாப்பாட்டு டப்பா வழித்த மாதிரி இருந்தது. எத்தனை நாள் உயிரோடு இருந்திருப்பான் என்று டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை.

சாவு வீட்டில் பெண்கள் உள்ளே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். கலூபா சோள மாவு மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு மகளோடு வந்தாள். கபாசோவின் அக்காள்காரி வாசலை மறித்தாள். "புள்ள வரட்டும். மெஷின வெச்சுப் பழி தீத்தவளுக்கு இங்க இடமில்ல." நடந்தது என்னவென்று தெரிந்த எஸ்னாத் உள்ளே தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. கலூபா மூட்டையை நிலைப்படியில் இறக்கி வைத்தாள், முதாலேயை உள்ளே அனுப்பினாள், வெளியே ஆண்கள் சுற்றி உட்கார்ந்திருந்த நெருப்பருகே வந்து நின்றாள். பெண்கள் அங்கே உட்காரும் வழக்கமில்லை. நான் கட்டையில் நகர்ந்து இடம் கொடுத்தேன். விடியும்வரை இருந்தாள்.

விசாரணைக்கு லுசாக்காவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தான் விட்டுப்போன பகுதியை அவள் அவர்களிடமும் மறைக்கவில்லை. டிஸ்க் கேட்டதையும் சொன்னாள். அப்படி யாரும் கேட்டதாக நினைவில்லை என்றார் ஸ்டோர்காரர். பாறை தானாகச் சரிந்தது என்று முடித்துவிட்டுப் போனார்கள். இப்போது அவள் மேஜையில் புது டிஸ்க்குகள் இருக்கின்றன. தினமும் நகல் எடுத்து, அதை இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி, கணினி அதிலிருந்து எழும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவாள். விளக்கு மாற்றிக் கொடுத்தால் நான் உடனே தடுப்பைத் தட்டிச் சொல்ல வேண்டும்.

மழைக்காலம் முடிந்ததும் எஸ்னாத் ன்டோலாவிலிருந்த தன் ஆட்களிடம் போகக் கிளம்பினாள். போகிற அன்று காலை கலூபாவின் அறை வாசலுக்கு வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அந்தப் புள்ளி மின்னுச்சே. அது கேபிளாலயா?"

"இல்ல," என்றாள் கலூபா. "அப்புறமா அந்த விளக்கோட கேபிள இழுத்துப் பாத்தாங்க. அது நல்லாத்தான் இருந்துச்சு."

எஸ்னாத் தலையாட்டினாள். பேருந்து ஹாரன் அடித்தது. மூட்டையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு நடந்தாள்.