கூரைக்குக் கூரை

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து கடல் கடந்து எங்கள் ஊரான தாழ்வுபாட்டுக்குத் திரும்பி வந்த புதிதில், எங்கள் வீட்டு ஒழுங்கையில் போன் சிக்னல் எடுக்காது. கதைப்பதற்குக் கடற்கரைக்குப் போய், கருவாடு காயும் இடத்தில் நிற்க வேண்டும். முகாமில் நான் கம்பியூட்டர் படித்திருந்தேன். எங்கள் பக்கத்து ஊரான தாராபுரத்தில் ஒரு எலெக்ட்ரீசியன் இருந்தார். அவரும் எங்களைப் போல இடம்பெயர்ந்து, புத்தளத்திலிருந்து திரும்பி வந்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

"போன் கம்பனிக்காரரைப் பார்த்துக்கொண்டு இருக்கேலாது தங்கச்சி, நாங்களே செய்வம்" என்றார் ஒருநாள்.

பழைய ரவுட்டர்களைப் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிகளில் அடைத்து, எங்கள் ஊரிலிருந்து தாராபுரம் நோக்கிக் கூரை கூரையாக ஏற்றினோம். போனில் பேசும் குரலை ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குக் கடத்திவிடும், இன்டர்நெட் தேவையில்லை. பாதி வழியில் பனைகள் அடர்ந்த பனங்கூடல் மறித்தது. அங்கே உயரமான கூரை ஒரு அக்காவுடைய வீட்டில்தான் இருந்தது. கேட்காமலே நானா ஏணியைச் சாத்தினார். அக்கா ஓடிவந்தார்.

"எடுங்கோ அதை! இந்தக் கூரையில அன்ரனா பூட்டினதாலதான் சண்டைக் காலத்தில என்ர மனுசனைக் கொண்டுபோனவங்கள். றேடியோவில செய்தி கேக்கத்தான் அவர் பூட்டினவர்."

ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

சில கிழமைகள் கழித்து அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்காமல் நின்றபடியே கேட்டார்.

"தாராபுரத்தில என்ர தங்கச்சி இருக்கிறாள். முழங்கால் ஏலாது, வெளிக்கிட மாட்டாள். அவளோட கதைக்கலாமோ?"

"ஓம் அக்கா, கதைக்கலாம்."

"அப்ப வந்து பூட்டுங்கோ. ஏணியை நான்தான் பிடிப்பன்."

அப்படியே பிடித்தார். நானா இறங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

நான் என் போனை அவர் கையில் கொடுத்தேன். தங்கச்சியின் குரல் கொஞ்சம் பிந்தி வந்தது: "அக்கா, இண்டைக்கு என்ன கறி?"

"திருக்கை" என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

அதன்பிறகு பின்னேரங்களில் எல்லாரும் ஒரே லைனில் இருப்போம். தாராபுரத்தில் யாராவது இருமினால் சமைத்துக்கொண்டிருக்கும்போது எங்கள் குசினியில் கேட்கும். பிறகு கம்பனிக்காரரின் சிக்னல் கோபுரம் வந்தது. உப்புக்காற்றில் பெட்டிகளுக்குள் ரவுட்டர்கள் துருப்பிடித்தன. திருத்த யாரும் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. கோபுரம் வந்தது நல்லதுதான். ஆனால் இப்போது ஒருவரோடு கதைக்க அவருடைய நம்பர் தெரிய வேண்டும். அப்போது சும்மா கூப்பிட்டாலே போதும், எங்கிருந்தாவது ஒரு குரல் "ஓம், சொல்லுங்கோ" என்னும்.