இன்னும் இருபத்துமூன்று பேர்

கதவைத் தட்டிவிட்டு அந்த டாக்டர் மூன்றடி பின்னால் வந்து நிற்கிறார். ஓட்டை வழியாகப் பார்ப்பவர்களுக்குத் தலை முதல் செருப்பு வரை தெரிய வேண்டுமாம். பையை முன்னால் பிடித்துக்கொள்கிறார். கையில் என்ன வைத்திருக்கிறாளோ என்று யாரும் பயந்துவிடக் கூடாது. இருபத்துநான்கு வருடமாகக் கதவு தட்டியதில் கற்றுக்கொண்டது இது. மருத்துவக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

பைக்குள் ரத்த அழுத்தக் கருவி, அளவு நாடா, ஒரு நீளப் பதிவேடு, ஒரு மணல் கடிகாரம். மணல் விழுந்து முடிய ஐந்து நிமிடம். அதுவரை எதிரில் இருப்பவர் முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் பதித்து, கையை மேசைமேல் வைத்து, வாயை மூடி உட்கார வேண்டும். வாயைத் திறந்தால் மணல் மறுபடியும் முதலிலிருந்து. "கைக்கடிகாரத்தைப் பார்த்தா நான் அவசரப்படறேன்னு நெனைப்பாங்க. நெனைச்சாலே ஏறிடும்" என்கிறார். மூன்று முறை அளப்பார். முதல் எண்ணைத் தூக்கிப் போட்டுவிடுவார். "அது அவங்க அழுத்தம் இல்ல. என்னைப் பார்த்த பயம்."

பெயரை யாரும் சொல்வதில்லை. அந்த நான்கு தெருக்காரர்களுக்கு அவர் 'அஞ்சு நிமிஷ அம்மா'.

இதய வார்டில்தான் வேலையைத் தொடங்கினார். ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்களிடம் "எத்தனை நாளா பி.பி.?" என்று கேட்டால் பாதிப் பேர் "அப்படின்னா?" என்று கேட்டார்களாம். மூன்றே வருடத்தில் வார்டை விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார். யாருக்கு இதய நோய் வருகிறது, ஏன் வருகிறது என்பதை, வருவதற்கு முன்பிருந்தே பார்ப்பது என்று முடிவு. நான்கு தெருக்களில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய 5,204 பேர். ஆளுக்கொரு எண். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே வீடு, அதே கேள்வி. உடன் படித்த அறுவை மருத்துவர்கள் சிரித்தார்கள். "ஸ்டெதாஸ்கோப்பைக் கழட்டி வெச்சுட்டு நோட்டைத் தூக்கிட்டா" என்று ஒருவர் கல்யாண வீட்டில் காதுபடவே சொன்னார். இவர் சாப்பாட்டுத் தட்டோடு திரும்பி, "நீங்க ஒரு நாளைக்கு ரெண்டு நெஞ்சைத் திறக்கறீங்க. நான் ரெண்டாயிரம் நெஞ்சைத் திறக்க விடாமப் பார்த்துக்கறேன்" என்றிருக்கிறார்.

களப்பணியாளர்களுக்கு அவரிடம் நடுக்கம்தான். ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த படிவங்களில் 120, 130, 140 என்று எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தன. "என்னப்பா, அந்தத் தெருவுல எல்லாரும் ரவுண்டாவே பொறந்தாங்களா?" என்று கேட்டு, நாற்பது வீட்டையும் தானே போய் மறுபடி அளந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். "ப்ளஸ் டூல நான் என்ன குரூப்புன்னு அம்மாவுக்குத் தெரியாது. 1417-க்கு எந்தக் கால் வீங்குச்சுன்னு தெரியும்" என்கிறாள் மகள். பள்ளி ஆசிரியரான கணவர் ஒருநாள், "நான் காணாமப் போனா இப்படித் தேடுவியா?" என்று கேட்டாராம். "உங்களுக்கு நம்பர் இல்லையே" என்று பதில் வந்ததாம்.

தேடல்தான் இப்போது முழுநேர வேலை. ஆறு வருடத்துக்கு முன் சாலை அகலப்படுத்த ஒரு தெருவை இடித்தார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் ஊர் ஓரத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறினார்கள். 311 எண்களுக்கு ஆள் இல்லை. அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணிப் பார்த்ததில், இடிப்புக்கு முந்தைய நான்கு வருடத்தில் 180 ஆக இருந்த இதய நோய், பக்கவாதச் சாவுகள் அடுத்த நான்கு வருடத்தில் 120 ஆகக் குறைந்திருந்தன. மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று அறிவிக்க மேலிடம் மேடையே போட்டுவிட்டது. அறிக்கையில் ஆய்வின் தலைவராக இவர் கையெழுத்துப் போட வேண்டும்.

போடவில்லை.

"பரீட்சை ரிசல்ட் அன்னைக்கு யாரு பள்ளிக்கூடம் வர மாட்டான்? ஃபெயிலானவன். அவனை விட்டுட்டு, வந்தவன் எல்லாம் பாஸுன்னு சொன்னா ஊரே சிரிக்கும். இதுக்கு மட்டும் மாலை போடுவாங்களா?"

அவருக்குக் கொடுத்திருந்த அலுவலக வண்டியைப் பறித்துக்கொண்டார்கள். இருந்த இரண்டு களப்பணியாளர்களையும் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இவர் பஸ் ஏறினார். பழைய அண்டை வீட்டார், மருந்துக் கடை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், கேஸ் ஏஜென்சி என்று விசாரித்து விசாரித்துப் பதினான்கு மாதத்தில் 288 பேரைக் கண்டுபிடித்தார். ஒரு பெரியவர் கதவைத் திறந்ததும், "நான் செத்துட்டேனான்னு பார்க்க வந்தியா?" என்று சீறினார். "ஆமாங்க ஐயா. சாகலைன்னு எழுதிக்கிட்டுப் போயிடறேன், உட்காருங்க." 191 பேர் இருக்கிறார்கள். 97 பேர் இல்லை. அதில் அறுபத்தொரு பேரைக் கொண்டுபோனது இதயமும் பக்கவாதமும்தான். 120-உடன் அறுபத்தொன்றைக் கூட்டிப் பாருங்கள். குறைந்ததாகச் சொன்ன சாவெல்லாம் திரும்பி வந்துவிடும்.

இன்னும் இருபத்துமூன்று பேர். ஓய்வு பெறப் பத்தொன்பது நாள். அவர் போன மறுநாள் அந்த நாற்காலிக்கு வருகிறவர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

இன்று தட்டிய கதவு மூன்றாம் மாடியில் இருக்கிறது. திறந்த பெண்ணின் கழுத்தில் தையல்காரர்களின் அளவு நாடா.

"யாரு... ஐயோ, அஞ்சு நிமிஷ அம்மாவா! இங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"உங்க பழைய தெரு மருந்துக்கடைக்காரர் சொன்னாரு. அண்ணன் எங்கே?"

அண்ணன் என்றது அந்தப் பெண்ணின் கணவரை; எண் 0932. பஸ் ஓட்டுநர். போய் நான்கு வருடம் ஆகிறது. டாக்டர் பதிவேட்டைத் திறந்து மெதுவாகக் கேட்கிறார்: எத்தனை மணிக்கு, வேர்த்ததா, எந்தப் பக்கம் வலி, எவ்வளவு நேரம். "காலைல ஷூ மாட்டிக்கிட்டே இருந்தாரும்மா. வேர்த்துக் கொட்டுச்சு. ஒரு ஷூதான் மாட்டினாரு." மாத்திரை? "இங்கேர்ந்து பழைய ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ். லீவு போட்டா சம்பளம் போயிடும்னு அப்புறம் அப்புறம்னு தள்ளினாரு." சொன்னதையெல்லாம் ஓரத்தில் குறித்துவிட்டு டாக்டர் மணல் கடிகாரத்தை மேசைமேல் எடுத்து வைத்தார். பிறகு, "உங்க நம்பர் 0933. கையை நீட்டுங்க" என்றார். மணல் விழத் தொடங்கியது.

பாதி விழுந்திருக்கும். போன் அடித்தது. கைகள் எப்போதும் வேலையில் இருப்பதால் அவர் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான். சுகாதாரத் துறை இயக்குநரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மேடம், இன்னும் எதுக்கு அலையறீங்க? கிடைக்காதவங்க கடைசியாப் பார்த்தப்ப இருந்த மாதிரி உயிரோடவே இருக்காங்கன்னு எடுத்துக்கறோம், அவ்வளவுதான். எல்லாரும் பண்றதுதானே! தள்ளித் தள்ளிப் போட்ட ஃபங்ஷன் இந்தத் திங்கக்கிழமை. ஒரே ஒரு கையெழுத்து."

டாக்டர் வாய் திறக்குமுன் தையல்காரம்மா நிமிர்ந்தார்.

"அப்ப எங்க வீட்டுக்காரர் உங்க ஃபைல்ல இன்னும் உயிரோட இருக்காரா சார்?"

"யாரு... மேடம், யாரு அது?"

"0932-ஓட மனைவி. கேக்கறாங்க பாருங்க. நீங்களே பதில் சொல்லுங்க." போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார் டாக்டர்.

"இருந்தா கொஞ்சம் வீட்டுக்கு அனுப்பி வைங்க சார். மிஷின் பெல்ட் அறுந்து கெடக்கு. அவர்தான் மாட்டுவாரு."

"அப்புறம் பேசறேன் மேடம்" என்று இயக்குநர் இணைப்பைத் துண்டித்தார்.

டாக்டர் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். 0932-க்கு நேரே தேதியும் காரணமும் எழுதி, கீழே இருந்த 61-ஐ அடித்து 62 ஆக்கினார். கடைசி மணலும் விழுந்திருந்தது. தையல்காரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கையை எடுத்துடலாமாம்மா?" என்று கேட்டார்.

"பேசிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, டாக்டர் மணல் கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.